சாமான் பெட்டி மூலை சேரலையா? எங்க தப்புன்னு பாத்து சரி பண்ற வழி

ரங்கூன்லயும் சுத்துப்பட்டுலயும் தேக்குப் பலகைல சாமான் பெட்டி அடிக்கிற நம்மாளுங்களுக்காக எழுதுறது இது. உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அடங்குற பெரிய பெட்டி, நாலு மூலையும் டவ்டெயில் (புறா வால் மாதிரி விரிஞ்ச வெட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கும்), அடியில பலகை, மேல மூடி, உள்ள இழுக்கிற தட்டு ரெண்டு மூணு, அந்த ரகம். ஒரு பலகை முனைல வாலு வெட்டுவோம், இன்னொரு பலகைல அதுக்கு ஏத்த பல்லு, அந்த ரெண்டு பேரையே கீழ எல்லா இடத்துலயும் சொல்றேன். அளவுக்கு இஞ்சும் நூலும்தான், எட்டு நூல் ஒரு இஞ்சு.

உங்க பெட்டில என்ன கோளாறு தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போயிடுங்க, ஆனா எந்தக் கோளாறா இருந்தாலும் கைல உளியத் தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கணும், இது நம்ம வெட்டுனதுல வந்த தப்பா இல்ல மரம் நகந்ததால வந்ததா. வெட்டுத் தப்புன்னா இன்னைக்கே சரி பண்ணிடலாம். மரம் நகந்ததுன்னா இன்னைக்கு சரி பண்ணது ஆறு மாசத்துல திரும்பவும் வந்து நிக்கும், அதுவும் நம்ம ஊர்ல மே கடைசில புடிச்ச மழை அக்டோபர் வரைக்கும் விடாது, அப்புறம் ஏப்ரல்ல வர்ற திஞ்சான் தண்ணித் திருவிழா வரைக்கும் காஞ்சு கெடக்கும், அதுக்கு நடுவுல ஒரே பலகை ரெண்டு அகலம் காட்டும்.

மரம் எங்கேருந்து வந்துச்சுன்னும் பாருங்க. பழைய வீடு இடிச்ச தேக்குன்னா பெரும்பாலும் அடங்குன மரம். அந்தக் காலத்துல காட்டுல மரத்த வெட்டுறதுக்கு முன்னாடியே அடிமரத்துல சேகு, அதாவது உள்ள இருக்கிற கெட்டி மரம், தெரியிற அளவு சுத்தி வளையம் வெட்டி விட்டுருவாங்க, நின்ன வாக்குலயே ரெண்டு மூணு வருஷம் காயும், பச்சைத் தேக்கு தண்ணில மிதக்காது, காஞ்சாத்தான் ஆத்துல விட முடியும். இப்ப தோட்டத்துலேருந்து வர்ற சின்ன வயசுத் தேக்குல சேகச் சுத்தி இருக்கிற வெள்ளை மரம் ஜாஸ்தி, கடைல காஞ்சதுன்னுதான் சொல்வாங்க, ஆனா அறுத்துப் பாத்தா தூள் கைல ஒட்டும். ஒட்டுச்சுன்னா மூலை வெட்டாதீங்க, நடுவுல குச்சி கொடுத்து அடுக்கி வச்சிடுங்க.

அப்புறம் வெட்டி விழுந்த துண்டு எதையும் பெட்டி முடியிற வரைக்கும் அடுப்புக்குக் கொடுத்துடாதீங்க, கீழ சொல்றதுல பாதி வைத்தியத்துக்கு அதே பலகையோட துண்டுதான் மருந்து.

"பாதி வரைக்கும் இறங்குது, அதுக்கு மேல நகரல"

இங்கதான் நிறைய பேர் கொட்டாப்புளிய எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டு பலகையப் பொளந்துடுறாங்க. தேக்கு நார் நேரா ஓடுற மரம், பல்லு இறுகலா உள்ள போனா வால் பலகை அந்த நார் வழியா முழுசா கிழியும். இன்னும் ஒரு தட்டு தட்டலாமான்னு மனசு கேக்கும்போதே நிறுத்திடுங்க.

கழட்டுங்க. வாலோட உள்பக்கச் சரிவுல பென்சில படுக்க வச்சு கருப்பா தேய்ங்க, திரும்ப மெதுவா சேத்து கழட்டிப் பாத்தா பல்லு மேல எங்க கருப்பு ஒட்டியிருக்கோ அங்கதான் முட்டுது. அந்த இடத்த மட்டும் கூர்மையான உளிய கையால தள்ளிச் சீவுங்க, சுத்தி வேணாம். தேக்குல மணல் சத்து இருக்கு, உளி முனை சீக்கிரம் மழுங்கும், மழுங்குன உளி சீவாம நசுக்கும், நசுங்குன எடம் பசை பட்டதும் ஊதி திரும்பவும் முட்டும். அதனால ஒவ்வொரு மூலைக்கும் ஒரு தடவை சாணைக்கல்லுக்குப் போயிட்டு வாங்க.

பக்கத்துல எங்கயும் கருப்பு ஒட்டல, ஆனாலும் அடிக்கோடு (வாலோட அடியில போட்ட குறி) வரைக்கும் வந்து உக்காரலைன்னா தப்பு பள்ளத்துல இருக்கு. ரெண்டு வாலுக்கு நடுவுல கழிவ எடுக்கும்போது ரெண்டு பக்கத்துலேருந்தும் உளி அடிப்போம், நடுவுல ஒரு மேடு நின்னுடும், வெளியேருந்து பாத்தா தெரியாது. சின்ன மூலமட்டத்தோட நாக்க உள்ள விட்டுப் பாருங்க, ஆடுச்சுன்னா மேடு இருக்கு. அடிக்கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ள தள்ளி நடுவுல லேசா குழிவா சீவி விட்டுடலாம், வெளில தெரியிறது ஓரக் கோடு மட்டும்தான், பசைக்கும் நார் முனை தெரியிற அந்த வெட்டுமுகம் பெரிசா உதவப் போறதில்ல.

ரெண்டும் சரியா இருக்கு, இன்னும் சேரலைன்னா பலகையே குழிஞ்சிருக்கும், இழைச்சது ஒரு மாசம் முன்னாடி, வெட்டுனது இன்னைக்குன்னா இது நடக்கும். உள்பக்கத்துல நேரான கனமான கட்டை வச்சு கிளாம்ப் போட்டு பலகைய நிமித்திகிட்டே சேருங்க, மூலை முழுசா உக்காந்துட்டா அப்புறம் டவ்டெயிலே அதப் புடிச்சுக்கும்.

"உக்காந்துடுச்சு, ஆனா வாலுக்கும் பல்லுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது"

முதல்ல எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. பெட்டிக்கு அடியில சுத்தி ஒரு அஞ்சு இஞ்சு பட்டை வரப் போகுது, மேல மூடி உக்கார்ற இடத்துல ரெண்டு இஞ்சு பட்டை. அதுக்குள்ள மறையிற இடைவெளிய நோண்டிகிட்டு இருக்காதீங்க, பசை புடிச்சா போதும். நடுவுல கண்ணுல படுற இடத்துக்குத்தான் வேலை.

மரத்தூளையும் பசையையும் கொழைச்சு அப்புறதுதான் ரொம்பப் பேர் பண்றது. அன்னைக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கும், எண்ணெய் பூசின உடனே பசை பட்ட இடம் எண்ணெயக் குடிக்காது, வெளுத்துப் போய் எல்லா மூலையிலயும் கோடு கோடா காட்டிக் கொடுத்துடும். கால் நூலுக்கும் கம்மியான கீத்துன்னா ஒண்ணுமே பண்ணாதீங்க, மூலை முழுக்கப் பசை காஞ்சப்புறம் இழைப்புளி ஓட்டும்போது பாதி மூடிக்கும்.

அதுக்கு மேலன்னா ஆப்பு சொருகணும். எடுத்து வச்ச துண்டுலேருந்து மெல்லிசா ஒரு சில்லு சீவுங்க, நார் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே உள்ள போற மாதிரி, அதாவது பல்லு பலகையோட நார் எப்படி வால் பலகைக்குள்ள நுழையுதோ அதே திசைல. அப்பத்தான் வெளில அதோட வெட்டுமுகம் தெரிஞ்சு பல்லோட சேந்து போயிடும், பல்லு கொஞ்சம் அகலமா வெட்டுன மாதிரி இருக்குமே தவிர ஒட்டு தெரியாது. நார குறுக்க வச்சு சொருகுனா தட்டும்போதே ஒடியும், ஒடியலைன்னாலும் நெறம் வேறயா நிக்கும். இடைவெளி ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் குறுகலா கோணலா இருந்தா, பொடிப்பல்லு ரம்பத்த அதுலயே ஒரு தடவ விட்டு ரெண்டு பக்கமும் ஒரே அகலமாக்கிட்டு அப்புறம் சில்லு செய்யுங்க, கோணல் சந்துக்குக் கோணல் ஆப்பு செதுக்குறது பொறுமை சோதிக்கிற வேலை. பசை தடவி சின்ன சுத்தியால தட்டுங்க, சத்தம் மாறுன உடனே நிறுத்திடணும், அதுக்கு மேல அடிச்சா பக்கத்து வாலப் பொளந்துடும். காஞ்சப்புறம் வெளியேருந்து உள்பக்கமா சீவுங்க, உள்ளேருந்து வெளில சீவுனா ஓரம் பேத்துகிட்டு வரும்.

"கோட்டுக்கு தப்புப் பக்கத்துல அறுத்துட்டேன், பல்லே போயிடுச்சு"

போன பல்லு ஒண்ணுன்னா புதுப் பல்லு ஒட்டிடலாம். பல்லு இருந்த இடத்த சுத்தமா வெட்டி, பலகைக்குள்ள ஒரு ரெண்டு இஞ்சு நீளத்துக்கு பாதி கனத்துல படி மாதிரி இறக்கி, அதே பலகைத் துண்ட அதே நார் திசைல அந்தப் படி மேல ஒட்டுங்க. வெறும் வெட்டுமுகத்துல வெட்டுமுகம் ஒட்டுனா நிக்கவே நிக்காது. படி உள்பக்கம் வரட்டும். காஞ்சப்புறம் வாலப் பாத்துத் திரும்பக் குறிச்சு வெட்டணும். படியையே கட்டத் தெரியலைன்னு சொல்ற தம்பிங்க கொஞ்சம் பயிற்சிக் கட்டைல செஞ்சு பாத்துட்டு வாங்க.

மூணு நாலு பல்லு போச்சுன்னா ஒட்டு வேலை வேணாம். அந்த முனையவே அறுத்துட்டு புதுசா வெட்டுங்க, எதிர்ப் பலகையையும் அதே அளவு குறைக்கணும், இல்லைன்னா பெட்டி கோணிக்கும். குறைக்கிறதுக்கு முன்னாடி உள்ள போக வேண்டியதுல நீளமான சாமான் எதுன்னு அளந்துக்கங்க. பெரிய கைரம்பத்துல தகடு மட்டுமே 26 இஞ்சு வரும், கைப்புடியோட முப்பதத் தாண்டும், மூணு அடிக்கு மேல உள் நீளம் இருக்கிற பெட்டில ஒரு இஞ்சு ஒன்றரை இஞ்சு போனா ஒண்ணும் ஆகாது.

"மூலைல சதுர ஓட்டை தெரியுது"

உள்தட்டுக்கோ சின்னப் பெட்டிக்கோ அடிப்பலகை ஓட காடி, அதாவது நீளமா ஒரு பள்ளம், எடுக்கும்போது இழைப்புளிய முனை வரைக்கும் ஓட்டிட்டா மூலைல வெளில ஒரு பொந்து வரும். தப்புன்னு கூட சொல்ல முடியாது, வேகமா வேலை செய்யிற ஆசாரிங்க வேணும்னே அப்படித்தான் ஓட்டுவாங்க, அப்புறம் அடைப்பாங்க. பொந்துக்கு ஏத்த குச்சி செதுக்கி சுத்தி இருக்கிற மரத்தோட நார் பாத்து சொருகி சீவுனா முடிஞ்சது. காடிய வெளிப்பக்கமே எடுத்துட்டீங்கன்னா அது வேற கதை, முழு நீளத்துக்கும் பட்டை ஒட்டி இழைக்கணும். அதத் தவிர்க்கணும்னா பலகை நாலுலயும் உள்பக்கம் வெளிப்பக்கம்னு முன்னாடியே பெரிசா எழுதி வச்சிடணும்.

"பசை போட்டாச்சு, பெட்டி கோணலா இருக்கு"

மூலைக்கு மூலை குறுக்க அளங்க. ரெண்டு குச்சிய சேத்துப் புடிச்சு ஒரு குறுக்களவ எடுத்து அப்படியே அடுத்ததுல வச்சுப் பாத்தா டேப்பு வேணாம், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பசை இன்னும் ஈரமா இருந்தா, எந்தக் குறுக்களவு நீளமோ அந்த ரெண்டு மூலைல கிளாம்ப் போட்டு மெதுவா இறுக்குங்க, வித்தியாசத்துல பாதி குறைஞ்சா போதும், மத்த பாதி எதிர்ப்பக்கம் தானா கூடிடும். நிறைய நேரம் கோணலுக்குக் காரணம் நாம போட்ட கிளாம்பே, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இழுத்திருக்கும், அத நேராக்கினாலே சரியாயிடும்.

ஏப்ரல் மத்தியானத்துல வெள்ளை கம் போட்டு நாலு மூலை சேக்க நினைக்காதீங்க, கடைசி மூலைக்கு வர்றதுக்குள்ள முதல் மூலை தோல் கட்டியிருக்கும். விடியக்காலைல போடுங்க, கூட ஒரு ஆள வச்சுக்கங்க, ரெண்டு மூலை ரெண்டு மூலையா பண்ணுங்க.

காஞ்சு போச்சு, வித்தியாசம் ஒரு நூலுக்குள்ளன்னா பெட்டிய விட்டுடுங்க, மூடிய அந்தக் கோணலுக்கே செஞ்சுக்கலாம், கண்ணுக்கு சத்தியமா தெரியாது. அதுக்கு மேலன்னா மூலையக் கழட்டணும். சாதா வெள்ளை கம் சூட்டுக்கும் வினிகருக்கும் எளகும், துணிய வினிகர்ல நனைச்சு மூலைல சுத்தி வச்சு, மேல இஸ்திரிப் பெட்டியோ கொதிதண்ணித் துணியோ வச்சு சூடு காட்டி, உள்ளேருந்து கட்டை வச்சு கொஞ்சம் கொஞ்சமா தட்டுங்க, நேரம் புடிக்கும், கரெண்டும் நேரம் பாத்துப் போகும், அதனால அடுப்புல தண்ணிய கொதிக்க வச்சுக்கிறது உத்தமம். தண்ணிக்கு அசையாத ரகம் போட்டிருந்தா கழட்ட நினைக்காதீங்க, மரம்தான் பிஞ்சு வரும். பழைய ஆசாரிங்க வச்சிரம் (மாட்டுத்தோல் பசை) காச்சி ஒட்டுன பெட்டிய இன்னைக்கும் சுடுதண்ணி காட்டிப் பிரிச்சு சேக்கலாம், ஆனா அந்த வச்சிரம் நம்ம மழைல பூசணம் புடிக்கும், நான் சாமான் பெட்டிக்கு அத சிபாரிசு பண்ண மாட்டேன்.

"ஒட்டுன இடம் சுத்தமா விட்டுடுச்சு"

பிரிஞ்ச முகத்தப் பாருங்க. மரம் நார் நாரா கிழிஞ்சு வந்திருந்தா பசை நல்லாத்தான் புடிச்சிருக்கு, பாரம் ஜாஸ்தி. ஒரு பக்கம் பசை கண்ணாடி மாதிரி வழவழன்னு நின்னு இன்னொரு பக்கம் வெறும் மரமா இருந்தா, தேக்கோட எண்ணெய் பசைய உள்ள விடல. இழைச்சு நாளான முகத்துல எண்ணெய் மேல வந்து நிக்கும். பழைய பசைய மொத்தமா சுரண்டிட்டு, முகத்த லேசா இழைச்சு, அசிட்டோன் தொட்ட துணியால தொடைச்சு, அது பறந்த உடனே பசை போடணும், சாப்பிட்டு வந்து போடலாம்னு வைக்கக் கூடாது. அசிட்டோன் போடும்போது அடுப்பு, சுருட்டு எதுவும் பக்கத்துல வேணாம்.

இதே எண்ணெய்தான் பெட்டிக்குள்ள உளி துரு ஏறாம காப்பாத்துற ஆள், அதனால தேக்கு மேல கோவப்பட்டு வேற மரத்துக்குப் போயிடாதீங்க.

"வெயில்ல நல்லா இருந்துச்சு, மழைல அடிப்பலகை எம்புது, சுவர் வெடிக்குது"

இதுதான் நம்ம ஊர்ல பெட்டியக் கொல்ற வியாதி, கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். மரம் நார் நீளத்துக்கு ஏறக்குறைய நகராது, அகலத்துக்குத்தான் நகரும். சாதாவா அறுத்த தேக்குப் பலகை, ஈரம் நூத்துக்கு ஆறு பங்கு ஏறுனா அகலத்துல நூத்துக்கு ஒண்ணு சொச்சம் ஊதும். ஆறு இஞ்சு பலகைக்கு அரை நூல், ரெண்டு அடி அகலத்துக்கு ரெண்டு நூல். ஆர வாட்டத்துல, அதாவது மரத்து நடுவுலேருந்து பட்டைப் பக்கமா, அறுத்த பலகைன்னா இதுல பாதிதான். தேக்கு மத்த மரத்த விட அடக்கம்தான், அந்த அடக்கத்துக்கே இவ்வளவு.

நாலு சுவருக்கும் நார் பெட்டியச் சுத்தி படுக்க ஓடுது, அதனால ஊதும்போது நாலும் சேந்தே உயரும், மூலைக்கு ஒண்ணும் ஆகாது, சுத்துப் பட்டையும் அதே திசைன்னா பிரச்சினை இல்ல. சண்டை வர்றது குறுக்க போற மரத்தாலதான். அடிய ஒரே பலகையா சேத்து ஒட்டி நாலு பக்கமும் பசை போட்டு அடைச்சிருந்தா, ஜூலைல அது ஊத இடம் இல்லாம நடுவுல எம்பும் இல்ல சுவரையே வெளில தள்ளும். அத அறுத்து எடுத்துடுங்க, வேற வழி இல்ல. முன்னேருந்து பின்னுக்கு ஓடுற மாதிரி அஞ்சு ஆறு இஞ்சு பலகைகள வாய்க்கு நாக்கு வச்சு (ஒண்ணோட ஓரத்து நாக்கு அடுத்ததோட காடிக்குள்ள போகும்), பசை இல்லாம, கீழேருந்து ஆணி அடிச்சுப் போடுங்க. காஞ்ச மாசத்துல போட்டா பலகைக்குப் பலகை அரை நூல் விடணும், நல்ல மழைல போட்டா ஒட்டியே போடலாம், அப்புறம் தானா விலகும். ரெண்டு மூணு பேர் இதத் தலைகீழா பண்ணிட்டு திஞ்சான்ல அடியில வெளிச்சம் தெரியுதுன்னு வந்து நின்னாங்க, நாக்கு நீளமா வச்சிருந்தா அதுவும் தெரியாது. அடிக்குக் கீழ பியிங்கடோங்கிற கெட்டி மரத்துச் சட்டம் ரெண்டு ஸ்க்ரூ போட்டு வைங்க, சிமெண்ட் தரை ஈரமும் கரையானும் முதல்ல அதத்தான் தின்னப் பாக்கும், பல்லு வலிக்கும் அதுக்கு, அப்படியே அழுகினாலும் சட்டத்த மட்டும் மாத்திக்கலாம்.

சுவர்ல படுக்க நீளமா வெடிப்பு வந்திருந்தா உள்பக்கம் நிமிந்து நிக்கிற கட்டை ஏதாவது மேலேருந்து கீழ வரைக்கும் பசை போட்டு ஒட்டியிருக்கான்னு பாருங்க, தட்டு தாங்குறதுக்கு வச்ச குச்சியாத்தான் இருக்கும். அதப் பேத்துட்டு, மேல ஒரு ஸ்க்ரூ இறுக்கமா, கீழ ஒரு ஸ்க்ரூ நீள ஓட்டைல, அப்படிப் போடுங்க. அதுக்கு அப்புறம்தான் வெடிப்புக்கு வைத்தியம். வெடிப்ப ஜனவரில கெட்டியா எதையாவது அடைச்சா மழைல அது மூட இடம் இல்லாம பக்கத்துல புதுசா வெடிக்கும். கட்டை விட்டப்புறம் ஒரு மழை பாத்துட்டு, தானா மூடினா பசைய உள்ள தள்ளி கிளாம்ப் போடுறது தான் சரி.

"மூடி சாத்த மாட்டேங்குது"

ஒரு மூலை மட்டும் தூக்கிகிட்டு நின்னா முறுக்கு. ரெண்டு நேரான குச்சிய ரெண்டு முனைலயும் வச்சு கண்ண தாழ்த்திப் பாத்தா முறுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். மூடில இருக்கா பெட்டி வாய்ல இருக்கான்னு ரெண்டுலயும் வச்சுப் பாருங்க. ஒரு நூல் வரைக்கும்னா வாய்ல உயரமா இருக்கிற ரெண்டு எதிர் மூலைய இழைச்சு மூடிக்கு ஏத்துடலாம், அதுக்கு மேலன்னா மூடியத்தான் திரும்பச் செய்யணும். மேல மட்டும் பெயிண்ட் அடிச்சு உள்பக்கம் எதுவும் பூசாம விட்ட மூடி நிச்சயம் வளையும், ரெண்டு முகத்துக்கும் ஒரே பூச்சு போடுங்க.

முறுக்கு இல்ல, சுத்தி இறுகுதுன்னா, என்ன மாசம்னு பாருங்க. ஆகஸ்ட்ல இறுகுற மூடிய ஆகஸ்ட்லயே இழைக்காதீங்க, தீபாவளி தாண்டுனா தானா விடும், இழைச்சிருந்தா பிப்ரவரில பூச்சி நுழையிற அளவு சந்து நிக்கும். தாங்கவே முடியலைன்னா முட்டுற இடத்துல மட்டும் ஒரு சுருள் எடுத்துட்டு இழைச்ச இடத்துல உடனே எண்ணெய் பூசிடுங்க. சட்டம் போட்டு நடுவுல பலகை வச்ச மூடின்னா நடுப்பலகை சட்டத்துல ஒட்டாம இருக்கணும், தட்டுனா லேசா ஆடணும், ஆடலைன்னா பசை வழிஞ்சு புடிச்சிருக்கு, காடில மெல்லிசு கத்தி விட்டு அறுத்து விடுங்க.

"உள்தட்டு சிக்குது"

நடுவுல சிக்கி ரெண்டு ஓரத்துல தாராளமா போச்சுன்னா சுவர் உள்ள வளைஞ்சிருக்கு, தட்டோட முனைய அந்தச் சிக்குற அளவுக்கு இழைச்சுடுங்க. எல்லா இடத்துலயும் சிக்குனா முனைல ஒரு சுருள், ஓடுற குச்சில மெழுகுவத்தி தேய்ங்க. தாராளமா இருந்து கோணிகிட்டு சிக்குனா அது எதிர் வியாதி, தட்டு நீளம் பத்தல, இழைக்க இழைக்க இன்னும் மோசமாகும், முனைல ஒரு பட்டை ஒட்டித் திரும்ப இழைச்சு சேக்கணும், நார் மட்டும் தட்டோட முனைப் பலகை நார் பக்கமே ஓடட்டும்.